மெம்ஃபிசில் பதிந்த ஒப்பாரி

இயேசு மரி சூசை

ஸ்காபரோ
கனடா
12 மார்ச் 1997

என் அன்பு மகள் ஸ்டெபனிக்கு,

அம்மா எழுதுகிறேன். தபசு காலத்தின் ஆசீர்வாதம் உன்மேல் இருக்கட்டும். எங்கள் இருவருக்கும் தேகசுகத்துக்குக் குறையில்லை. உனக்கும் அப்படியே இருக்கவேண்டும் என்று மாதாவிடம் கேட்கிறேன்.

நீ போய் இரண்டு மாதமாகிறது. ரெலிபோனில் கதைத்தால் "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய். பின்னால் யாரோ கொட்டுக் கொட்டென்று தட்டும் சத்தம்தான் மிச்சமாகக் காதில் நிற்கிறது. அதனால் எழுதுகிறேன். கடிதத்தை நீ இடையில் வெட்டிவிட்டு ஓட முடியாது.

அப்பா இன்னும் உன் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் ரீவியில் காலநிலை சொல்லும்போது அமெரிக்காவின் படம் போய் முடியும்வரை சனலை மாற்ற விடமாட்டார். மெம்ஃபிஸ் எங்கே இருக்கிறது என்று என்னிடம் கேட்கவில்லை. தானே கண்டுபிடித்துவிட்டார் போல. அன்றைக்கு நீ பஸ்ஸுக்குப் புறப்பட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாரே, அதை மனதில் வைத்திருக்காதே. ஒலிப்பதிவு படிக்கிறேன் என்று கொலிச்சுக்குப் போனாய், ஸ்ரூடியோவில் வேலை கிடைத்தது என்றாய், நாங்கள் சந்தோஷப்பட்டோம். பிறகு ஒரே கிழமைக்குள், அமெரிக்காவின் தெற்குப் பக்கத்தில் இருந்து ராப் பாட வந்த டெல்ஃபின் என்ற பெண், வேலைக்கு நடுவில் நீ முணுமுணுத்ததைக் கேட்டுத் தன் அல்பத்தில் பாட வரச்சொல்கிறாள் என்றாய். எந்தத் தகப்பன் தலையாட்டுவான்? "கோயில்ல பாடின வாயால உந்தப் பாட்டையும் பாடப் போறாளோ?" என்று அவர் கேட்டது கோபத்தில் இல்லை, மகள். பயத்தில்.

எனக்கும் பயம்தான். அந்த ஊரில் துவக்குச் சத்தம் கேட்பது வழக்கம் என்று வேலையிடத்தில் சொல்கிறார்கள். துவக்குச் சத்தத்துக்குத் தப்பி வந்த நாங்கள் உன்னை அங்கே விட்டுவிட்டு எப்படி நித்திரை கொள்வது? ஆனால் போன கிழமை நீ குளிக்கப் போன நேரத்தில் ரெலிபோனை எடுத்தாரே, நீ தங்கியிருக்கும் வீட்டில் அந்த டெல்ஃபினின் தாயார், மிஸ் ஆர்லின், அவருடைய குரல் எனக்குப் பிடித்திருந்தது. அவர் கதைத்ததில், சாப்பிடுவதைச் சொல்லும் "ஈற்" என்ற ஒரு சொல்தான் எனக்கு விளங்கியது. நானும் "ஈற், ஈற்" என்றேன். இருவரும் சிரித்தோம். அவர் உனக்கு வெண்டிக்காய் பொரித்துத் தருகிறார் என்று பிறகு நீ சொன்னாய். வெண்டிக்காய் பொரிக்கத் தெரிந்த வீட்டில் பிள்ளை பட்டினி கிடக்காது என்று அப்பாவுக்குக் கேட்கும்படியாகச் சொன்னேன். அவர் கேட்காத மாதிரி இருந்தார்.

இங்கே லிஃப்ற் ஒன்று பழுதாகி ஒரு மாதம். மற்றதுக்குச் சனம் கோயில் வரிசை மாதிரி நிற்கிறது. என் வேலை வழமைபோல் போகிறது. அப்பாவை இறைச்சிக் கொம்பனியில் குளிர் அறைக்கு மாற்றிவிட்டார்கள், முழங்கால் நோகிறது என்கிறார்.

போனில் சொன்ன நல்ல செய்தியை முழுதாக எழுதுகிறேன். நம்முடைய கிளடிஸ் அக்கா தன் தம்பியின் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார். பிள்ளை மொன்றியலில் வயோதிபர் இல்லத்தில் வேலை செய்கிறாள், பெயர் றோசலின். "உம்மட மூத்தவன் கிளிபோட்டுக்கு இப்ப இருபத்தேழு இருக்குமல்லோ, அவன் இந்தியாவில இருந்து வந்து சேர்ந்தால் சரிதானே?" என்று கேட்டார். நானும், ஊரில் பேசாலைத் திருநாளில் வெள்ளைச் சேர்ட்டோடு எடுத்த அண்ணாவின் படத்தைக் கொடுத்தேன். நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். ஏழு வருஷம் என்பாய். ஊரில் இருந்து இந்தியாவுக்கு நாங்கள் மூவரும் ஏறிய படகில் இடமில்லாமல் அடுத்த படகில் வருகிறேன் என்று சொன்ன பிள்ளை அவன். வேறு கரையில் இறங்கியிருக்கலாம், சிறை மறியலில் இருக்கலாம், ஊருக்கே திரும்பியிருக்கலாம். சாகவில்லை என்றுதானே யாரும் செய்தி சொல்லாமல் இருக்கிறார்கள்? நேற்றும் செவ்வாய்க்கிழமை, அந்தோனியாருக்கு மெழுகுதிரி ஏற்றினேன். தொலைந்ததைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர் அவர்.

இதை உனக்குப் போனில் சொன்னபோது நீ ஒன்றும் கதைக்கவில்லை. லைன் வெட்டுப்பட்டதோ என்று நினைத்தேன்.

பெரிய வெள்ளிக்கிழமை ஒருசந்தி பிடி, ஒரு நேரம் மட்டும் சாப்பிடு. இறைச்சி தொடாதே. கோயில் எந்தக் கோயிலானாலும் போய் முழங்காலில் நில்.

உன்னைக் காணும் நாளைக் கர்த்தர் சுருக்கித் தரட்டும்.

உன் அம்மா,
எமில்டா வின்சன்ற்


ஸ்காபரோ
19 ஒக்ரோபர் 1997

ஸ்டெபனிக்கு,

இது சுகம் கேட்டு எழுதும் கடிதம் அல்ல.

வியாழக்கிழமை வேலையால் வந்து பஸ்ஸில் இருந்து இறங்கி, கட்டடத்துக்குப் பின்னால் கார் நிறுத்தும் இடத்தால் நடந்து வந்தேன். அங்கே ஒரு சிவப்புக் கார் அதிர்ந்துகொண்டு நின்றது. பாட்டை உரக்கப் போட்டால் கண்ணாடியெல்லாம் நடுங்குமே, அப்படி. நான் இப்படியான கார்களைக் கண்டால் விலகிப் போகிறவள். அன்றைக்குக் கால் நின்றுவிட்டது. அந்த இடிச் சத்தத்துக்கு மேலே ஒரு பெண் தமிழில் அழுதுகொண்டிருந்தாள். முதலில் அது என் குரல் என்றே நினைத்தேன். எனக்கே தெரியாமல் நான் எங்கேயோ அழுதுகொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன், நம்புவாயோ தெரியாது. பிறகுதான் உன் குரல் என்று பிடிபட்டது.

காருக்குள் இருந்தவள் ஐந்தாம் மாடி நிலாணி. தாதி வேலைக்குப் படிக்கிறாளே, அவள். கண்ணாடியைத் தட்டியதும் இறக்கிவிட்டு, "அன்ரி! உது எங்கட ஸ்டெபனி அல்லோ! சீடி வந்திட்டுது, உங்களுக்குத் தெரியாதே? டவுண்ரவுணில எல்லாரும் கேக்கினம்" என்று துள்ளினாள். அவள் முகம் முழுக்கப் பெருமை. நான் கதவைத் திறந்து பக்கத்தில் ஏறி இருந்து, முதலில் இருந்து போடு பிள்ளை என்றேன்.

முழு அல்பத்தையும் கேட்டேன். நிலாணி எனக்குத் தமிழில் சொல்லிச் சொல்லி வந்தாள். ஊத்தை வார்த்தை வரும் இடமெல்லாம் சத்தத்தைக் குறைத்தாள். விளங்காத சொல்லை எனக்குக் கேட்காமலும் செய்தாள், பாவம். "ரெல் மாமா சிற் டவுண்" என்று அட்டையில் பெயர் போட்டிருந்தது. எந்த மாமா என்று கேட்டேன். மாமா இல்லை அன்ரி, அம்மா என்றாள். "அம்மாவை இருக்கச் சொல்லுங்கோ" என்று அர்த்தமாம். டெல்ஃபினின் தம்பியைப் பெற்றோல் அடிக்கிற இடத்தில் சுட்டுப்போட்டார்கள் என்றும், செய்தி கொண்டுவந்த அயல் பெண்கள் படலைக்குள் வரும்போதே அதைத்தான் சொன்னார்கள் என்றும், அந்தத் தாய் கோப்பை கழுவிய கையோடு இருக்கமாட்டேன், இருக்கமாட்டேன் என்று நின்றார் என்றும் முதற்பாட்டில் வருகிறதாம். மிஸ் ஆர்லின். எனக்கு "ஈற்" என்று சொல்லிச் சிரித்த மனுசி. எனக்குத் தெரியாமல் போயிற்றே.

ஒன்று சொல்கிறேன். அந்தப் பெண் டெல்ஃபினை நான் குறை சொல்லமாட்டேன். அவள் குரல் கரகரத்த குரல், இழுத்து இழுத்துக் கதைக்கிறாள், பாட்டு என்றே சொல்ல முடியாது. ஆனால் தம்பியின் சப்பாத்து இன்னும் வாசலில் கிடக்கிறது, அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன் என்று அவள் சொன்ன இடத்தில் பாட்டை நிற்பாட்டி, அதை இன்னொருமுறை தமிழில் சொல் என்று நிலாணியிடம் கேட்டேன். அவள் தன் தம்பியைக் குழியில் வைத்து மண் போட்டவள். அவளுக்கு அழ உரிமை இருக்கிறது.

உனக்கு என்ன உரிமை?

கடைசிப் பாட்டில் டெல்ஃபின் ஓய்ந்த பிறகு, அடிச் சத்தம் மெல்ல மெல்லப் படகு எஞ்சின் மாதிரி வரும்போது, நீ தொடங்குகிறாய். பெரிய வெள்ளிக்கிழமையில் மாதா மகனை மடியில் கிடத்தி அழும் ஒப்பாரியின் இராகம். நான் உனக்குச் சொல்லித் தந்தது. அதற்குள் சொல்லை மாற்றி வைத்திருக்கிறாய்.

கூடப் பிறந்தவனே கிளிபோட்டே
கூப்பிட்டால் கேளாயோ
கரையில நிண்ட என்னை விட்டுக்
கடல் உன்னை ஏன் கேட்டதடா

அண்ணாவின் பெயர்! செத்தவர்களுக்குச் சொல்லும் பாட்டில் உயிரோடு இருக்கும் பிள்ளையின் பெயர். உனக்கு எப்படி நாக்கு எழும்பியது? அதைவிட ஒன்று கேட்கிறேன். கடல் என்று உனக்கு யார் சொன்னது? ஆமி பிடித்ததோ, சுட்டதோ, மறியலோ, நோயோ, யாருக்கும் ஒன்றும் தெரியாது. உனக்கு மட்டும் கடல் என்று எப்படித் தெரிந்தது?

இரண்டு நாளுக்குள் எல்லாருக்கும் கதை போய்விட்டது. அஜின்கோர்ட் பிளாசாவில் கசற் விற்கும் கடையில் அதைப் போட்டுக் கேட்கிறார்களாம். பாடகர் குழு யோசப் மாஸ்ரர் நேற்றுப் பூசைக்கு முன்னால் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "எமில்டா, மாதா அழுத இராகத்தைக் கொண்டுபோய் உந்தத் தூஷணத்துக்கு நடுவில வைச்சிருக்கிறாள் உம்மட மகள். சனம் என்னைக் கேக்குது. கொஞ்ச நாளைக்கு நீர் குழுவில நிற்காமல் கீழ இரும்" என்றார். இருந்தேன். பின் வரிசை வாங்கில் இருந்தேன்.

கிளடிஸ் அக்கா வீட்டுக்கே வந்துவிட்டார். சப்பாத்தைக் கழற்றவும் இல்லை. "செத்த பிள்ளையின்ர படத்தையோ நீர் தந்தனீர்? என்ர தம்பியின்ர பிள்ளை உந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்துக் காத்திருக்கிறாள். வேற ரெண்டு இடம் வந்தும் வேண்டாமெண்டவள்" என்று சத்தம் போட்டார். என் பிள்ளை சாகவில்லை அக்கா என்றேன். "அப்ப உம்மட மகள் ஏன் ஒப்பாரி வைச்சவள்?" என்றார். அப்பா நடுவில் நின்றார். எனக்காகக் கூடக் கதைக்கவில்லை.

நீ டெல்ஃபினிடம் சொல்லி அந்தப் பாட்டை எடுத்துவிட வேண்டும். இனிமேல் எந்த மேடையிலும் அதைப் பாடக்கூடாது. பெற்ற தாய் நான் உயிரோடு இருந்து, மெழுகுதிரி ஏற்றிக்கொண்டிருக்கும்போது, அவனை நீ புதைக்க முடியாது.

அம்மா


ஸ்காபரோ
16 நவம்பர் 1997

என் மகளே,

உன் கடிதம் வந்தது. அதற்கு முன்பே உனக்கு எழுதியிருக்க வேண்டும். கை வரவில்லை.

நீ எழுதியதில் ஒரு வரியும் உன்னை நியாயப்படுத்தி இல்லை. "அம்மா சொன்னால் எடுப்போம், டெல்ஃபின் சம்மதித்துவிட்டாள், சீடி மறுபடி அடிக்கும்போது கடைசிப் பாட்டு இருக்காது" என்று மட்டும் எழுதியிருந்தாய். கடல் என்று யார் சொன்னது என்று கேட்டேனே, அதற்கு மட்டும் நீ பதில் எழுதவில்லை. எழுதமாட்டாய் என்று இப்போது எனக்குத் தெரியும். ஏன் என்றும் தெரியும்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன்.

அந்தக் கடிதத்தைப் போட்ட கிழமை, ஒரு பின்னேரம் பல்கனியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றேன். அப்பாவின் கார் வந்து நின்றது. அவர் இறங்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தேன், பிறகும் இறங்கவில்லை. அடுத்த நாளும் அப்படித்தான். பிரஷர் கூடி மயங்கிவிட்டாரோ என்று பயந்து கீழே ஓடினேன். கண்ணாடிகள் எல்லாம் பூட்டியிருந்தன. கிட்டப் போனதும் அந்தப் படகுச் சத்தம் கேட்டது. அவர் எங்கேயோ போய்க் கசற் வாங்கி வைத்திருக்கிறார். ஸ்ரியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டு இருந்தார்.

கதவைத் திறந்து பக்கத்தில் ஏறினேன். அவர் பாட்டை நிற்பாட்டவில்லை. நீ பாடி முடிந்த பிறகுதான் கதைத்தார். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன், உனக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் எழுதுகிறேன்.

"எமில்டா, மண்டபம் அகதி முகாமில இருக்கேக்க இக்னேசியஸ் வந்தவன். எங்கட பொடியன் ஏறின படகில வந்தவன். படகு கவிண்டது. ரெண்டுபேரும் ஒரு பலகையைப் பிடிச்சுக்கொண்டு கிடந்தவை. விடியப் பார்க்க இவன் மட்டும்தான் பலகையில. பொடியன்ர கை எப்ப விட்டதெண்டு தனக்கே தெரியாதெண்டு அழுதவன்."

அவரே தொடர்ந்தார்.

"நீ அப்ப காய்ச்சலோட கிடந்தனீ. சோறு தொடமாட்டாய். கிளிபோட் நாளைக்கு வாறான் எண்டு சொன்னாத்தான் ரெண்டு வாய் வைப்பாய். செய்தியைச் சொன்னால் உன்னையும் இழந்துபோவன் எண்டு பயந்திட்டன். பக்கத்தில சின்னவள் நிண்டவள். எல்லாத்தையும் கேட்டவள். அவளைக் கோயில் சுருபத்துக்கு முன்னால கூட்டிக்கொண்டு போய், அம்மாட்டச் சொல்லமாட்டன் எண்டு சத்தியம் வாங்கினனான். பிறகு உனக்குச் சுகம் வந்தது. இண்டைக்குச் சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவம் எண்டு பார்த்தன். கனடாவுக்கு வந்தம். ஒருநாளும் வாய் வரேல்ல."

அப்போது உனக்குப் பதின்மூன்று வயது, ஸ்டெபனி. நான் சோறு தின்னவேண்டும் என்பதற்காக உன் வாயைக் கட்டிவிட்டார்கள். நான் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் உன்னையும் இழுத்துக்கொண்டு போய் மெழுகுதிரி ஏற்றினேன். நீயும் முழங்காலில் நின்றாய். என்ன செபம் சொன்னாய் அப்போது? அண்ணாவின் படத்தைக் கொடுத்தேன் என்று நான் போனில் சொன்னபோது நீ பேசாமல் நின்றது லைன் வெட்டுப்பட்டதால் அல்ல. இன்னொரு பெண்ணையும் நான் காத்திருக்க வைத்துவிட்டேன் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. சத்தியத்தை மீறிச் சொல்லவும் முடியாமல், சொல்லாமல் இருக்கவும் முடியாமல், தமிழ் தெரியாத ஊரில் போய்ப் பாடினாய்.

அதற்கு மேல் நான் என்ன செய்தேன் என்று கேட்பாய். காரில் இருந்து இறங்கி மேலே வந்து, காயப்போட்ட உடுப்பை ஈரத்தோடு எடுத்து மடித்தேன். அன்றைக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இரண்டு கிழமை அப்பாவோடு கதைக்கவில்லை. உன் அறையில் படுத்தேன். சமைத்து வைத்தேன், அவர் தின்றாரோ என்று பார்க்கவில்லை. ஒருநாள் அவர் உன் அறை வாசலில் வந்து நின்று, "நீ பேசு. ஏசு. சும்மா மட்டும் இராதை" என்றார். ஏழு வருஷம் நீர் சும்மா இருந்தீரே என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். அவர் இப்போது மெலிந்துபோனார். அவரும் தகப்பன்தானே, தனக்கென்று ஒரு நாள்கூட அழாத தகப்பன் என்று நினைப்பு வந்தது. இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை. ஆனால் நேற்றுச் சாப்பாட்டுக் கோப்பையில் அவருக்குச் சோறு போட்டு, எதிரே இருந்து சாப்பிடுகிறாரா என்று பார்த்தேன்.

கிளடிஸ் அக்கா வீட்டுக்கு அப்பா தனியாகப் போய் நடந்ததைச் சொல்லிவிட்டு வந்தார். அதற்கு இரண்டாம் நாள் அண்ணாவின் படம் ஒரு உறைக்குள் கதவுக்குக் கீழால் வந்து கிடந்தது. ஒரு வரியும் எழுதவில்லை. அவர் இன்னும் என்னோடு கதைப்பதில்லை. அதில் பிழை சொல்லமாட்டேன். மொன்றியலில் இருக்கும் அந்தப் பிள்ளை றோசலினை நினைத்தால்தான் எனக்கு மனம் ஆறவில்லை. நேரில் காணாத ஒருவனுக்கு அவளும் இப்போது அழவேண்டியிருக்கிறது.

யோசப் மாஸ்ரரிடம் போனேன். மரித்தவர்களுக்கான பூசை ஒன்று ஒப்புக்கொடுக்க வேண்டும், குழு வந்து பாடவேண்டும் என்றேன். "ஆருக்கு?" என்று கேட்டார். அவருக்குத் தெரியாமலா கேட்டார்? தெரியும். நான் சொல்லவேண்டும் என்று நின்றார் போல. கிளிபோட் வின்சன்ற் என்றேன். என் வாயால், அவனை மரித்தவன் என்று, அங்கே நின்றுதான் முதன்முதல் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "நீர் இனிப் பின் வாங்கில இருக்க வேண்டாம்" என்றார். டிசம்பர் ஆறாம் திகதி சனிக்கிழமை காலைப் பூசை. பூசைக்குள் ஒப்பாரி பாட ஏலாது, வீட்டில் வைத்துப் பாடுவது உங்கள் விருப்பம் என்றும் சொன்னார்.

இனி உன் பாட்டுக்கு வருகிறேன்.

நிலாணியைக் கூட்டிவைத்துக்கொண்டு போன ஞாயிறு மிஸ் ஆர்லினுக்குப் போன் எடுத்தேன். நீ வீட்டில் இல்லாத நேரம் பார்த்துத்தான் எடுத்தேன். அவருடைய மகனைப் பற்றி எனக்கு முதலே தெரியாமல் போனதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் நீளமாகக் கதைத்தார். நிலாணி கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். "உங்கட மகள் என்ன பாடுறா எண்டு எனக்கு விளங்காது. ஆனா அது வந்தால் நான் தண்ணிக் குழாயைப் பூட்டிப்போட்டு நிற்பன். என்ர மகனைப் பற்றி என்ர மகள் பாடினது முழுக்க எனக்குத் தெரிஞ்ச கதை. உது வரேக்கதான் எனக்கு அழுகை வாறது" என்றாராம். பிறகு என்னிடம், உங்கள் மகனுக்கு என்ன வயது, என்ன சாப்பாடு பிடிக்கும் என்று கேட்டார். ஏழு வருஷத்தில் யாரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை. எப்போது வருவான் என்றுதான் கேட்பார்கள். இருபது வயது என்றேன். திருக்கைமீன் வறை என்றேன். நிலாணி அதை எப்படிச் சொன்னாளோ தெரியாது, அந்தப் பக்கத்தில் "ம்ம்ம்" என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது.

பாட்டை எடுக்க வேண்டாம். இருக்கட்டும். அவனுக்குக் கல்லறை இல்லை, பெயர் எழுதிய சிலுவை இல்லை. யாரோ ஒருவரின் காரில், யாரோ ஒருவரின் வீட்டில் அவன் பெயர் கேட்கட்டும். ஊத்தை வார்த்தைக்கு நடுவிலே என்றாலும் கேட்கட்டும். சிலுவையடியில் நின்ற மாதாவின் காதிலும் அன்றைக்கு நல்ல வார்த்தையா விழுந்தது?

டெல்ஃபினுக்குச் சொல், அம்மா நன்றி சொன்னாள் என்று. தம்பியின் சப்பாத்தை எடுத்து வைக்கச் சொல்லி யாரும் அவளை அவசரப்படுத்த வேண்டாம் என்றும் சொல்.

அப்பா உனக்குப் போன் எடுக்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நம்பரை ரெலிபோனுக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டியும் வைத்திருக்கிறார். எடுத்துவிட்டு ஒன்றும் கதைக்காமல் நின்றால் வைத்துவிடாதே. நீயே கதை. அந்தச் சத்தியத்தில் இருந்து உன்னை விடுவிக்க அவருக்குச் சொல் தெரியாது. நான் விடுவிக்கிறேன். இனி உனக்கு அது இல்லை.

பூசைக்கு நீ வரவேண்டும். வேலை இருக்கும், ஸ்ரூடியோ இருக்கும், எனக்குத் தெரியும். ஆனாலும் வா. பனி தொடங்கிவிட்டது, நல்ல கோட்டும் கையுறையும் போட்டுக்கொண்டு வா.

நீ பாடியது தங்கச்சியின் ஒப்பாரி, மகள். சரியாகத்தான் பாடியிருக்கிறாய், ஒரு சொல்லும் பிழையில்லை. ஆனால் தாயின் ஒப்பாரி வேறு. அது இன்னும் யாரும் பாடவில்லை. பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும், கதவைப் பூட்டாமல், அயலவர் யார் வந்தாலும் வரட்டும் என்று நிலத்தில் பாய் விரித்து இருப்போம். நான் தொடங்குகிறேன். எவ்வளவு தூரம் போகும் என்று தெரியாது. என் குரல் எங்கே அடைக்கிறதோ, அங்கே இருந்து நீ எடு.

உன் நெற்றியில் இங்கிருந்தே சிலுவை அடையாளம் வரைகிறேன். கடலைத் தாண்டி உன்னை என்னிடம் கொண்டுவந்து சேர்த்த ஆண்டவர் இந்தப் பாதையிலும் உன் கையைப் பிடித்துக் கூட்டி வரட்டும். அந்தக் கையை அவர் விடாமல் இருக்கட்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா